கை நீட்டினால் மின்கம்பி: வீட்டை மிரட்டும் லைனை அகற்றச் சொல்ல சட்டத்தில் என்ன வழி?

மொட்டை மாடியில் துணி காயப்போடப் போகிறீர்கள். கைப்பிடிச் சுவருக்கு அந்தப் பக்கம், ஒட்டடைக் குச்சியை நீட்டினால் தொட்டுவிடும் தூரத்தில் மின்கம்பி போகிறது. இல்லையென்றால், வாசலில் நிற்கும் கம்பத்தின் அடியில் சிமென்ட் பெயர்ந்து, உள்ளே துருப்பிடித்த கம்பி தெரிகிறது. அதுவும் இல்லையென்றால், பக்கத்து ட்ரான்ஸ்ஃபார்மரில் மழை பெய்தாலே தீப்பொறி.

ஏரியா லைன்மேனிடம் சொன்னால் வந்து பார்க்கிறார். "ஆபீஸ்ல சொல்லிடறேன் சார்" என்கிறார். அடுத்த மழைக்காலமும் வந்துவிடுகிறது. கம்பி மட்டும் அங்கேயே இருக்கிறது.

"கரன்ட் ஆபீஸ் சமாச்சாரம், நாம என்ன பண்ண முடியும்?" என்று பலரும் விட்டுவிடுகிறோம். ஆனால், வீட்டுக்கும் மின்கம்பிக்கும் இடையில் எத்தனை மீட்டர் இருக்க வேண்டும் என்பதில் தொடங்கி, யார் செலவில் மாற்ற வேண்டும் என்பது வரை சட்டம் பேசியிருக்கிறது. எந்தக் கதவை எப்போது தட்டுவது என்று தெரிந்துகொண்டால் போதும். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

*எவ்வளவு தூரம் இருந்தால் பாதுகாப்பு?*

மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு ஒழுங்குமுறைகள்தான் இதற்கு அடிப்படை. 2010-ல் வந்த அவை 2023-ல் புதுப்பிக்கப்பட்டன. அவற்றின்படி குறைந்தபட்ச இடைவெளி இதுதான்:

தெருவில் வீடுகளுக்கு இணைப்பு கொடுக்கும் எல்.டி. லைன் (650 வோல்ட் வரை): கட்டடத்தின் உச்சியிலிருந்து மேல்நோக்கி 2.5 மீட்டர், பக்கவாட்டில் 1.2 மீட்டர்.

11 கிலோவோல்ட் ஹெச்.டி. லைன்: மேல்நோக்கி 3.7 மீட்டர், பக்கவாட்டில் 1.2 மீட்டர்.

33 கிலோவோல்ட் லைன்: மேல்நோக்கி 3.7 மீட்டர், பக்கவாட்டில் 2 மீட்டர்.

அதற்கும் மேலே போனால், கூடுதலாகும் ஒவ்வொரு 33 கிலோவோல்ட்டுக்கும் 0.3 மீட்டர் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. மேல் இடைவெளியைக் கணக்கிடும்போது கம்பி அதிகபட்சமாகத் தொய்ந்திருக்கும் நிலையையும், பக்கவாட்டு இடைவெளிக்குக் காற்றில் அதிகபட்சமாக ஆடும் நிலையையும் எடுத்துக்கொள்ள வேண்டும். காற்றில்லாத காலை நேரத்தில் வந்து, "பாருங்க, ஒன்றே கால் மீட்டர் இருக்கே" என்று யாராவது சொன்னால் அந்தக் கணக்கு முழுமையானதல்ல.

நீங்களே டேப்பை எடுத்துக்கொண்டு அளக்கப் போய்விடாதீர்கள். இரும்பு டேப், அலுமினிய ஏணி இரண்டுமே எமன். பாதுகாப்பான தூரத்தில் நின்று, சுவரும் கம்பியும் ஒரே சட்டகத்தில் தெரிகிற மாதிரி போட்டோ எடுத்தால் போதும். அளப்பது அதிகாரிகளின் வேலை.

*முதலில் வந்தது வீடா, லைனா?*

உங்கள் பிரச்னையின் பாதி பதில் இந்தக் கேள்வியில் இருக்கிறது. இருக்கிற கட்டடத்துக்கு மேலே கூடுமானவரை லைன் போகக் கூடாது. இருக்கிற லைனுக்குக் கீழே கட்டடம் கட்டவே கூடாது. பாதுகாப்பு விதிகளின் சாரம் இது.

வீடு முதலில் இருந்து, பிறகு விதிமீறலாக லைன் வந்திருந்தால் சட்டம் உங்கள் பக்கம் வலுவாக நிற்கும். லைன் பழையதாகித் தொய்ந்திருந்தாலும், கம்பம் சாய்ந்திருந்தாலும் அது பராமரிப்புப் பிரச்னை. அதைச் சரிசெய்வது மின் பகிர்மானக் கழகத்தின் கடமை.

லைன் ஏற்கெனவே இருந்து, நீங்கள் அப்புறம் முதல் மாடி எடுத்திருந்தால்? பால்கனியை வெளியே இழுத்திருந்தால்? கொஞ்சம் கஷ்டம்தான். லைனுக்கு அருகில் கட்டுகிறவர் வேலையைத் தொடங்கும் முன்பே மின் விநியோகம் செய்பவருக்கும் மின் ஆய்வாளருக்கும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். லைனை மாற்றும் செலவையும் அவரே ஏற்க வேண்டும் என்கிறது விதி. மின்வாரிய மொழியில் இதற்கு டி.சி.டபிள்யூ. என்று பெயர். எஸ்டிமேட் போட்டுத் தருவார்கள், நீங்கள் பணம் கட்டுவீர்கள், அவர்கள் மாற்றித் தருவார்கள்.

அதனால் எது முதலில் வந்தது என்பதற்கான ஆதாரத்தை முதலில் தேடுங்கள். கட்டட அனுமதி வரைபடம், பழைய சொத்துவரி ரசீது, முதல் மின் இணைப்பு வாங்கிய தேதி எல்லாமே உதவும். கூகுள் எர்த்தில் பழைய வருடங்களின் செயற்கைக்கோள் படங்களைப் பார்க்க முடியும். அதில் கம்பி தெரியாது. உங்கள் வீடு அப்போதே இருந்ததா என்பது தெரிந்துவிடும்.

வீடு வாங்கும் யோசனையில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: பத்திரத்தைப் பார்ப்பதோடு நிறுத்தாமல், மாடிக்கு ஏறிப்போய் நான்கு பக்கமும் ஒருமுறை பாருங்கள்.

*என் இடத்தில் கம்பம் நட என்னைக் கேட்க வேண்டாமா?*

கேட்க வேண்டும். 2003-ம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் கீழ் 2006-ல் வந்த உரிமதாரர் பணிகள் விதிகளின்படி, தனியார் நிலத்திலோ கட்டடத்திலோ வேலை செய்ய அதன் உரிமையாளர் அல்லது அங்கே குடியிருப்பவரின் முன் சம்மதம் தேவை. அவர் மறுத்தால் மாவட்ட ஆட்சியர் அல்லது காவல் ஆணையரிடம் எழுத்துபூர்வ அனுமதி வாங்க வேண்டும். இழப்பீடோ ஆண்டு வாடகையோ நிர்ணயிக்கும் அதிகாரமும் அவர்களுக்கு உண்டு.

பலருக்கும் தெரியாத விஷயம் இன்னொன்று. கம்பமோ ஸ்டே கம்பியோ ஏற்கெனவே உங்கள் இடத்தில் நிற்கிறது என்றாலும் கதை முடிந்துவிடவில்லை. போதுமான காரணத்தைக் காட்டினால், அதை அகற்றவோ மாற்றியமைக்கவோ உத்தரவிடும் அதிகாரத்தை அதே விதிகள் ஆட்சியருக்குத் தந்திருக்கின்றன. விதியில் 'குடியிருப்பவர்' என்ற சொல்லும் இருப்பதால், "வாடகைக்கு இருக்கறவங்க ஏன் கேக்கறீங்க?" என்று உங்களைத் திருப்பி அனுப்ப முடியாது.

பொதுச் சாலையில் நடும் கம்பத்துக்கு உங்கள் சம்மதம் தேவைப்படாது. ஆனாலும், கூடுமானவரை குறைவான சேதமும் சிரமமும் ஏற்படும்படி வேலை செய்ய வேண்டும், ஏற்பட்ட சேதத்துக்கு முழு இழப்பீடு தர வேண்டும் என்று மின்சாரச் சட்டத்தின் 67-வது பிரிவு சொல்கிறது.

பெரிய கோபுரங்கள் வழியாகப் போகும் உயரழுத்த லைன்களின் கதை வேறு. 164-வது பிரிவின் கீழ் தந்திச் சட்ட அதிகாரம் வழங்கப்பட்ட திட்டங்களில் நில உரிமையாளரின் சம்மதம் கட்டாயமில்லை. அங்கே உங்கள் உரிமை பெரும்பாலும் இழப்பீடு பற்றியது. தொகை போதவில்லை என்றால் மாவட்ட நீதிபதியிடம் போகலாம்.

*சரி, இப்போ முதல்ல என்ன பண்றது?*

கம்பி அறுந்து தொங்குகிறது, தீப்பொறி பறக்கிறது, கம்பத்தைத் தொட்டால் ஷாக் அடிக்கிறது என்றால் யோசிக்காமல் 'மின்னகம்' எண்ணுக்கு (94987 94987) போன் செய்யுங்கள். 24 மணி நேரமும் இயங்கும் சேவை அது. புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். மின்சாரம் துண்டிக்கப்படும் வரை யாரையும் அருகில் விடாதீர்கள்.

உடனடி ஆபத்து இல்லை, ஆனால் நிரந்தர ஆபத்து என்றால் போன் போதாது. எழுதிக் கொடுங்கள். லைன்மேனிடம் வாய்வழியாகப் பத்து முறை சொன்னதற்கு எந்தத் தடயமும் இருக்காது. தேதி போட்ட ஒரு பக்கக் கடிதத்துக்கு இருக்கும்.

பிரிவு அலுவலகத்தில் உள்ள உதவிப் பொறியாளருக்கு எழுதி, செயற்பொறியாளருக்கும் மேற்பார்வைப் பொறியாளருக்கும் நகல் அனுப்புங்கள். உங்கள் மின் இணைப்பு எண், கம்பத்தில் எழுதியிருக்கும் எண், ஆபத்து என்ன, எப்போதிலிருந்து, வீட்டில் குழந்தைகளோ முதியவர்களோ இருக்கிறார்களா, இதுவரை யாரிடமெல்லாம் சொன்னீர்கள் என்பதையெல்லாம் சேருங்கள். போட்டோ இணையுங்கள். கடைசியில் இப்படி ஒரு வரி இருக்கட்டும்: "இந்த நிலை நீடித்தால் உயிரிழப்பு ஏற்படும் அபாயம் உள்ளது என்பதை இக்கடிதம் மூலம் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்."

நேரில் கொடுத்தால் உங்கள் நகலில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்குங்கள். "வெச்சுட்டுப் போங்க" என்றால், ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி டெலிவரி விவரத்தை சேமித்துக்கொள்ளுங்கள்.

"லைனை மாத்துங்க" என்று மட்டும் கேட்காமல் மாற்று வழிகளையும் கேளுங்கள். கம்பத்தின் உயரத்தைக் கூட்டலாம். தொய்வு இருந்தால் நடுவில் ஒரு கம்பம் போடலாம். திறந்த கம்பிக்குப் பதிலாக உறையிட்ட கேபிள் இழுக்கலாம். எல்.டி. லைனில் குறைந்தபட்ச இடைவெளி கிடைக்காத இடத்தில் கம்பி முறையாகக் காப்பிடப்பட்டு, எர்த் செய்யப்பட்ட தாங்கு கம்பியோடு பிணைக்கப்பட வேண்டும் என்று விதியே சொல்கிறது. வேறு இடத்துக்கு மாற்றுவதைவிட இவை சீக்கிரம் நடக்க வாய்ப்புண்டு.

*பதிலே வரவில்லை என்றால்?*

ஐந்து கதவுகள் இருக்கின்றன.

ஒன்று, மின் ஆய்வாளர். இவர் மின் பகிர்மானக் கழகத்தின் ஊழியர் இல்லை. மின்சாரச் சட்டத்தின் 162-வது பிரிவின் கீழ் அரசு நியமிக்கும் தனி அதிகாரி. பாதுகாப்பு விதி மீறப்பட்டிருக்கிறதா என்று நேரில் ஆய்வு செய்யும் அதிகாரம் அவருக்கு உண்டு. "1.2 மீட்டர் இல்லை" என்று நீங்கள் சொல்வதற்கும் மின் ஆய்வாளர் எழுதிக் கொடுப்பதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். உங்கள் மாவட்டத்துக்கான மின் ஆய்வாளர் அலுவலகத்துக்குப் புகாரின் நகலோடு மனு அனுப்புங்கள்.

இரண்டு, ஆர்.டி.ஐ. 10 ரூபாய் கட்டணத்தில், இந்த லைன் எப்போது போடப்பட்டது, கடைசியாக எப்போது ஆய்வு செய்யப்பட்டது, என் புகார் மீது என்ன நடவடிக்கை என்று கேளுங்கள். வழக்கமான கெடு 30 நாள். உயிர் அல்லது சுதந்திரம் தொடர்பான தகவல் என்றால் 48 மணி நேரத்தில் தர வேண்டும் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 7(1) பிரிவு சொல்கிறது. அந்தப் பிரிவைக் குறிப்பிட்டே கேளுங்கள்.

மூன்று, மின் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றம். மின் பகிர்மான வட்ட அளவில் இருக்கிறது. வக்கீல் வைக்க வேண்டியதில்லை. மன்றத்தின் உத்தரவில் திருப்தி இல்லையா? சென்னையில் உள்ள மின்குறை தீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். இந்த இரண்டு இடங்களிலும் கேட்கப்படும் முக்கியமான கேள்வி, மாற்றும் செலவு யாருடையது என்பதுதான். முதலில் வந்தது வீடா, லைனா என்ற ஆதாரம் இங்கேதான் கை கொடுக்கும். "எஸ்டிமேட் பணத்தைக் கட்டுங்க" என்று சொன்னதும் கட்டிவிடாமல், எந்த விதியின் கீழ் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

நான்கு, ஆட்சியரும் கோட்டாட்சியரும். உங்கள் நிலத்துக்குள் இருக்கும் கம்பம் என்றால் மேலே சொன்ன 2006 விதிகளின் கீழ் ஆட்சியரிடம் மனு கொடுக்கலாம். திங்கள்கிழமை மக்கள் குறைதீர் நாளிலேயே கொடுக்கலாம். எந்த விதியின் கீழ் கேட்கிறீர்கள் என்பதை மட்டும் தலைப்பிலேயே எழுதிவிடுங்கள். கம்பம் சாய்ந்து தெருவில் போகிறவர்கள் மேல் விழும் நிலையில் இருந்தால், பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 152-வது பிரிவு இருக்கிறது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133-வது பிரிவுதான் இது. பொதுமக்களுக்கு ஆபத்தான அமைப்பை அகற்றவோ சரிசெய்யவோ இதன்கீழ் கோட்டாட்சியர் நிபந்தனை உத்தரவு போடலாம்.

ஐந்து, நிரந்தர மக்கள் நீதிமன்றம். சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின்படி மின் விநியோகம் ஒரு 'பொதுப் பயன்பாட்டுச் சேவை'. 1 கோடி ரூபாய் மதிப்பு வரையிலான தகராறை, நீதிமன்றக் கட்டணம் இல்லாமல் இங்கே கொண்டுபோகலாம். முதலில் சமரசத்துக்கு முயற்சி நடக்கும். அது முடியாவிட்டால் தீர்ப்பே சொல்லும் அதிகாரமும் இதற்கு உண்டு. வழக்கமான லோக் அதாலத்திலிருந்து இது வேறுபடுவது இந்த இடத்தில்தான்.

எல்லாவற்றையும் வரிசையாக முடித்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போக வேண்டும் என்பதில்லை. ஆனால் எழுத்துபூர்வப் புகார் இல்லாமல் எந்தக் கதவைத் தட்டினாலும், "முதலில் அவர்களிடம் கேட்டீர்களா?" என்பதே முதல் கேள்வியாக இருக்கும்.

*நேரா கோர்ட்டுக்கே போயிடலாமா?*

போகலாம். உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு தாக்கல் செய்தால், மனுதாரரின் கோரிக்கையைக் குறிப்பிட்ட காலத்துக்குள் பரிசீலித்து முடிவெடுக்கும்படி உத்தரவு கிடைப்பது வழக்கம். இதற்கும் முன்பே கொடுத்த கடிதம் வேண்டும். பரிசீலிக்க ஒரு கோரிக்கை இருக்க வேண்டுமே!

லைன் முதலில் வந்ததா, வீடு முதலில் வந்ததா என்பது போன்ற உண்மைகளே சர்ச்சையில் இருந்தால், சாட்சிகளை விசாரிக்க சிவில் நீதிமன்றம்தான் சரியான இடம். தமிழ்நாடு மின்சார வாரியம் தொடர்பான ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2000-ல் இதைத் தெளிவுபடுத்தியது. அலட்சியம் வெளிப்படையாகத் தெரிந்தால் ரிட் மனுவுக்குத் தடையில்லை என்றும் அதே தீர்ப்பு சொன்னது.

சிவில் நீதிமன்றத்தில், ஆபத்தான அமைப்பை அகற்றச் சொல்லி உறுத்துக்கட்டளை கேட்கலாம். தெரு முழுவதற்கும் பிரச்னை என்றால், இரண்டு அல்லது அதற்கு மேற்பட்டவர்கள் சேர்ந்து, நீதிமன்ற அனுமதியோடு பொதுத் தொல்லை வழக்குப் போடவும் வழி இருக்கிறது. அபார்ட்மென்ட் வாசிகளுக்கு இது பொருத்தமான வழி.

*விபத்தே நடந்துவிட்டால்?*

இங்கே சட்டம் பாதிக்கப்பட்டவர் பக்கம் இன்னும் நெருக்கமாக வருகிறது. 1997-ல் மத்தியப் பிரதேசத்தில், மழைநீர் தேங்கிய சாலையில் அறுந்து கிடந்த மின்கம்பியால் சைக்கிளில் வந்த தொழிலாளி இறந்தார். "யாரோ கொக்கி போட்டு மின்சாரம் திருடியதால்தான் கம்பி விழுந்தது" என்று வாதிட்டது அந்த மாநில மின்வாரியம். 2002-ல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ஆபத்தான ஒரு பொருளைக் கையாளும் அமைப்பு, தன் பக்கம் கவனக்குறைவு இல்லை என்று சொல்லித் தப்பிக்க முடியாது என்றது. சட்டத்தில் இதற்குக் கண்டிப்பான பொறுப்பு என்று பெயர்.

இன்னொரு வழக்கு, நம் கட்டுரையின் மாடிக்கே வருகிறது. 2011 நவம்பரில் ஹரியானாவின் பானிபட்டில், நான்கு வயதுச் சிறுவன் தன் வீட்டு மாடியில் உயரழுத்த மின்கம்பியில் பட்டு இரண்டு கைகளையும் ஒரு காலையும் இழந்தான். வீடுகளுக்கு அருகிலிருந்த அந்த இரும்பு அமைப்பை அகற்றும்படி அந்தப் பகுதி மக்கள் முன்பே கேட்டிருந்தார்கள். மின் நிறுவனம் கண்டுகொள்ளவில்லை. 2014-ல் உச்ச நீதிமன்றம் 60 லட்சம் ரூபாய் இழப்பீட்டை உறுதிசெய்தது. அலட்சியத்தைச் சுட்டிக்காட்டியபோது, அந்த மக்களின் கோரிக்கை பொருட்படுத்தப்படாததையும் கணக்கில் எடுத்துக்கொண்டது.

அசம்பாவிதம் நடந்தால் செய்ய வேண்டியவை: காவல் நிலையத்தில் எஃப்.ஐ.ஆர். பதிவு செய்யுங்கள். மின் விபத்தைப் பற்றித் தெரிந்த 24 மணி நேரத்துக்குள் மின் நிறுவனம் மின் ஆய்வாளருக்குத் தகவல் தர வேண்டும். தந்ததா என்று கேளுங்கள். 161-வது பிரிவின் கீழ் விசாரணை நடந்தால் அந்த அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்குங்கள். மருத்துவ ஆவணங்களைப் பத்திரப்படுத்துங்கள். உயிரிழப்பு நடந்திருந்தால், சிவில் நீதிமன்றத்தில் இழப்பீட்டு வழக்குப் போட இறந்த தேதியிலிருந்து 2 ஆண்டுகள்தான் கெடு. துறை தரும் கருணைத்தொகையை வாங்கும்போது, "இனி எந்த உரிமையும் கோர மாட்டேன்" என்ற வரி இருக்கிறதா என்று படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

*செய்யவே கூடாதவை*

கம்பியின் மேல் நீங்களே பி.வி.சி. பைப்பை மாட்டிவிடுவது பல ஊர்களில் நடக்கிறது. அது உயிருக்கும் ஆபத்து, சட்டப்படியும் தவறு. கம்பி மேல் சாய்ந்த மரக்கிளையை நீங்களே வெட்டாதீர்கள். ஸ்டே கம்பியில் கொடி கட்டித் துணி காயப்போடாதீர்கள். "ஆயிரம் ரெண்டாயிரம் கொடுத்தா தள்ளி நட்டுடுவாங்க" என்ற யோசனையும் வேண்டாம். ரசீது இல்லாமல் நகர்ந்த கம்பம் பக்கத்து வீட்டுக்கு ஆபத்தானால், பதில் சொல்ல வேண்டியவராக நீங்களும் ஆகிவிடலாம்.

பானிபட் மக்கள் கேட்டது அந்தச் சிறுவனைக் காப்பாற்றவில்லை. ஆனால் கேட்டிருந்தார்கள் என்பதால்தான், நடந்ததை விதி என்று யாராலும் ஒதுக்க முடியவில்லை. உங்கள் மாடியில் இன்னும் எதுவும் நடக்கவில்லை. இன்று மாலை வீட்டுக்குப் போனதும் மாடிக்கு ஏறுங்கள், தள்ளி நின்று ஒரு போட்டோ எடுங்கள், ஒரு பக்கத்தில் கடிதம் எழுதுங்கள். மேலே தேதி போட மறக்காதீர்கள்.